உங்கள் வட்டாரத்தின் மழையையும் வெயிலையும் நீங்களே அளந்து எழுதுவது எப்படி

வானிலை அறிக்கையில் நம் வட்டாரத்தின் பெயர் வரும். அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணை அளந்த இடம் பெரும்பாலும் ஒரு நகரமாகவோ விமான நிலையமாகவோ இருக்கும். அங்கிருந்து நம் வயலுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் ஒரு குன்றோ ஏரியோ காடோ இருந்தால் அங்கே அடிக்கிற வெயில் வேறு, இங்கே அடிக்கிற வெயில் வேறு. மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடிமழை கொட்டுகிற மேகக்கூட்டம் ஒன்றின் அகலமே பல நேரங்களில் சில கிலோமீட்டர்தான். என் மழைமானியில் 41 மில்லிமீட்டர் நின்ற ஒரு காலையில், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் நண்பரின் மழைமானியில் 4 மில்லிமீட்டர்தான் இருந்தது. இரண்டு பேரும் போனில் மாறி மாறிக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். அளவில் தவறே இல்லை.

17 வருடமாக நான் தினமும் காலையில் மழையையும் வெப்பநிலையையும் அளந்து நோட்டில் எழுதிவருகிறேன். எனக்குத் தெரிந்து, கிராமப்புறத்தில் இருக்கும் ஒருவர் தன் நிலத்துக்காகச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை இதுதான். எப்போது விதைக்கலாம், எந்த மூலையில் பனி கருக்கும், கிணறு எப்போது ஊறும், கூரை நீரைச் சேர்க்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த நோட்டிலிருந்து வரும். இதை எப்படித் தொடங்குவது, எங்கே தவறும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மழையிலிருந்து தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் அளக்க ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். முதல் வருடம் மழை மட்டும் போதும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? விழுந்த நீர் ஓடாமல், மண்ணில் ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் அது சரியாக ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் 4,047 லிட்டர். ஹெக்டேரில் 10,000 லிட்டர். 'வெறும் பத்து மில்லிமீட்டர்' என்று சொல்லும்போது ஓர் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர் நீர் வந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பாத்திரத்தின் வாய் பெரிதா சிறிதா என்பது பெரிய விஷயமில்லை. பக்கங்கள் நேராக நிற்கும் பாத்திரமாக இருந்தால் போதும். பெரிய வாய் நிறைய நீரைப் பிடிக்கும், ஆனால் அடிப்பகுதியும் அதே அளவு பெரிது. ஆகவே நிற்கும் உயரம் ஒன்றுதான். நேரான டின் ஒன்றை வெளியே வைத்து, நிற்கும் நீரில் அளவுகோலை விட்டுப் பார்த்தாலே மழை அளவு கிடைத்துவிடும். ஆனால் இரண்டு மில்லிமீட்டரையும் மூன்று மில்லிமீட்டரையும் அப்படிப் பிரித்துச் சொல்வது கடினம். திறந்த டின்னில் வெயில் பட்டால் நீரும் குறையும். அதனால்தான் மழைமானியில் புனல் இருக்கிறது. அகலமான புனலில் விழுந்த நீர் ஒடுக்கமான குழாயில் இறங்கும்போது உயரம் பல மடங்காகத் தெரியும். புனலின் சிறிய துளை ஆவியாவதையும் குறைக்கும்.

மழைமானி கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். சரியாக 10 சென்டிமீட்டர் விட்டம் உள்ள புனலை ஒரு பாட்டிலில் பொருத்துங்கள். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 7.85 மில்லிலிட்டர் நீர் சேரும். காலையில் பாட்டிலில் இருப்பதை மில்லிலிட்டர் கோடு போட்ட குவளையில் ஊற்றி, வந்த எண்ணை 7.85-ஆல் வகுத்தால் மழை அளவு. 157 மில்லிலிட்டர் இருந்தால் 20 மில்லிமீட்டர். புனலின் விட்டத்தை அளக்கும்போது உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்கவும். அதில் அரை சென்டிமீட்டர் பிசகினால் எல்லா நாளும் பத்து சதவீதம் தப்பாகவே போகும்.

எங்கே வைப்பது

பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மொட்டை மாடியில் வைத்தால் மரம் மறைக்காது, ஆடு மாடு தட்டாது, வசதியாக இருக்கும் என்று தோன்றும். வைக்கக் கூடாது. லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1760-களில் ஒரு மழைமானியைத் தரையிலும், ஒன்றை வீட்டுக் கூரையிலும், ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தின் மேலேயும் வைத்து ஒரு வருடம் பார்த்தார். கோபுரத்தில் கிடைத்தது தரையில் கிடைத்ததில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் எப்படிக் குறையும் என்று வெகுகாலம் குழம்பியிருக்கிறார்கள். 1861-இல் ஜெவன்ஸ் என்பவர் (பின்னாளில் பொருளாதாரத்தில் பெயர் பெற்றவர்) காரணம் சொன்னார்: காற்று. உயரத்தில் காற்று வேகமாக வீசும். அது பாத்திரத்தில் மோதி மேலெழும்பி வளையும்போது மழைத்துளிகளைத் தூக்கி அப்பால் கொண்டுபோய்விடும்.

ஆகவே தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் சுற்றிலும் விழும் துளிகள் தெறித்து உள்ளே போகும். அடியில் சிமெண்ட் தரை வேண்டாம், குட்டையான புல் இருந்தால் தெறிப்பு குறையும். பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதுபோல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். 5 மீட்டர் மரம் என்றால் 10 மீட்டர் தள்ளி. முடிந்தால் நான்கு மடங்கு.

நான் முதலில் வைத்த இடம் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு மரத்துக்கு அருகே. மரத்தின் கிளை மேலே இல்லை, நான்கு எட்டு தள்ளித்தான் இருந்தது. சாதாரண மழையில் ஒரு குறையும் தெரியவில்லை. மரம் இருக்கும் திசையிலிருந்து காற்றோடு வந்த மழை மட்டும் குறைந்தது. இரண்டாவது மழைமானி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் புரிந்தது. முதல் எட்டு மாதக் குறிப்பையும் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன், கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் வருந்துகிறது. நீங்கள் முதல் நாளே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வையுங்கள்.

தினமும் ஒரே நேரம்

ஒரு நேரத்தை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். என் நேரம் காலை எட்டு. உங்களுக்கு ஏழு வசதி என்றால் ஏழு. அந்த நேரத்தில் குழாயில் இருப்பது கடந்த 24 மணி நேரத்தின் மழை. தேதி போடுவதில் ஒரு குழப்பம் வரும். நேற்று மாலை பெய்ததை இன்று காலை அளக்கிறோம். அதை இன்றைய தேதியில் எழுதுவதா, நேற்றைய தேதியிலா? பல வானிலை அமைப்புகள் அளந்த நாளின் தேதியிலேயே எழுதுகின்றன, சில நாடுகளில் முந்தைய நாளுக்கு எழுதுவார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கே அது மறந்திருக்கும்.

குழாயைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனியுங்கள்: நீரின் மேல்மட்டம் தட்டையாக இருக்காது. ஓரங்களில் கண்ணாடியில் ஏறி, நடுவில் குழிந்திருக்கும். குழாயை நேராகப் பிடித்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, அந்தக் குழிவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் படிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒரு கோடு தப்பும். ஓரத்தைப் படித்தால் அரைக் கோடு கூடும். நான் ஒரு முறை படித்து எழுதிவிட்டு, கொட்டுவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பேன். கொட்டிய பிறகு சந்தேகம் வந்து பயனில்லை.

மழை இல்லாத நாளில்? பூஜ்யம் எழுத வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நோட்டில் வெற்றிடம் இருந்தால் அன்று மழை இல்லையா, அல்லது நீங்கள் பார்க்கவில்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. 0 என்று எழுதியிருந்தால் அது ஓர் அளவு. வறட்சியைக் கணக்கிடும்போது நமக்கு வேண்டியது இந்த பூஜ்யங்கள்தான். புனல் நனைந்திருக்கிறது, ஆனால் அளக்க நீர் இல்லை என்றால் நான் 'துளி' என்று எழுதுவேன். கூட்டும்போது அது பூஜ்யமாகத்தான் போகும். என்றாலும் அன்று வானம் சும்மா இருக்கவில்லை என்பது பதிவாகிவிடும்.

புனலை வாரம் ஒரு முறை துடையுங்கள். இலை, சிலந்தி வலை, குளவிக்கூடு, பறவை எச்சம் எல்லாம் வரும். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து பெய்தது. நான்காம் நாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. ஆனால் குழாயில் 9 மில்லிமீட்டர் நின்றது. வெயிலில் உட்கார்ந்து புனலைக் கழற்றிப் பார்த்தேன். சுருண்ட காய்ந்த இலை ஒன்று துளையை முக்கால்வாசி அடைத்து, புனலில் தேங்கிய நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கூட்டுத்தொகை சரி, ஆனால் எந்த நாளில் எவ்வளவு என்பது போய்விட்டது. அந்த நான்கு வரிகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டு, காரணத்தையும் பக்கத்தில் எழுதினேன். இப்படி எழுதுவதற்கென்றே நோட்டில் வலது பக்கம் அகலமாக ஒரு பத்தி விட்டு வையுங்கள்.

பனி பொழியும் இடத்தில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் புனலைக் கழற்றிவிட்டு வெளிப்பாத்திரத்தை மட்டும் வைக்க வேண்டும். சேர்ந்த பனியை உள்ளே கொண்டுவந்து உருக்கி, நீராக அளக்கலாம். 10 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஈரமான கனத்த பனிக்கும் உலர்ந்த பஞ்சுப்பனிக்கும் அது வெகுவாக மாறும், ஆகவே உருக்கிப் பார்ப்பதே நல்லது.

வெப்பநிலை

இரண்டாம் வருடம் ஓர் அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி வாங்கினேன். ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1780-இல் உருவாக்கிய வளைகுழாய் வடிவம் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. டிஜிட்டலாக இருந்தாலும் சரிதான். அந்த நாளின் உச்சத்தையும் அடிமட்டத்தையும் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்ட வேண்டும். அதன் மேல் வெயில் பட்டால் அது தன் சொந்தச் சூட்டைக் காட்டும். வெள்ளையடித்த சுவரில் ஆணியடித்து மாட்டினால் மாலை முழுக்கச் சுவர் கக்கும் வெப்பத்தைக் காட்டும். வானிலை நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், சாய்வான பலகைகள் அடுக்கிய வெள்ளைப் பெட்டி ஒன்று கால்களில் நிற்கும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைத்தது. காற்று உள்ளே வரும், வெயிலும் மழையும் வராது. வீட்டில் செய்ய எளிய வழி: ஏழெட்டு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, நடுவில் இடைவெளி விட்டு நீளமான போல்ட்டுகளில் அடுக்குங்கள். மேலே உள்ள இரண்டைத் தவிர மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு உணரியை அங்கே தொங்கவிடுங்கள். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம், அடியில் புல், சுவரிலிருந்து தள்ளி.

காலையில் படிக்கும்போது அதிகபட்சம் என்று காட்டுவது நேற்றைய மதியத்தின் வெப்பம். குறைந்தபட்சம் பெரும்பாலும் இன்றைய விடியற்காலையினுடையது. இரண்டையும் எழுதிவிட்டு வெப்பமானியை மீட்டமையுங்கள். மாலையில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான்கு மணிக்கு, சூடு இன்னும் தணியாத நேரத்தில் மீட்டமைத்தால், அந்த நேரச் சூடே அடுத்த நாள் கணக்கின் தொடக்கமாகிவிடும். நாளைக்கு மழை பெய்து குளிர்ந்திருந்தாலும், இன்றைய வெயில் நாளைய கணக்கிலும் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சூடான நாள் இரண்டாக எண்ணப்படும். காலையில் படித்தால் இந்தத் தொல்லை அதிகபட்சத்துக்கு வராது.

குளிர் எங்கே தேங்குகிறது

கிராமப்புற வானிலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு வட்டாரத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

உயரம் கூடக் கூடக் குளிரும் என்பது நமக்குத் தெரியும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இது தலைகீழாகிவிடும். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகும். கனமான காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்தில் இருக்கும் வயலைவிட, சரிவின் நடுவில் இருக்கும் தோட்டம் பல டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். பனியில் கருகும் பயிரைப் பள்ளத்தில் வைக்காமல் நடுச்சரிவில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் நிலத்தில் இதைக் கண்டுபிடிக்க மூன்று மலிவான வெப்பமானிகள் போதும். ஒன்று பள்ளத்தில், ஒன்று நடுவில், ஒன்று மேட்டில். மூன்றையும் முதலில் ஒரே இடத்தில் இரண்டு நாள் சேர்த்து வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குளிர்காலத்தில் தெளிவான இரவுகளாகப் பார்த்துப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். மேகமூட்டமான இரவில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். அதுவும் ஒரு செய்திதான்.

என் நிலத்தின் கீழ்க்கோடியில் ஒரு மண்வரப்பு உயரமாக இருந்தது. அதற்கு மேல்பக்கம் உள்ள பாத்தி மட்டும் வருடா வருடம் குளிரில் கருகும். மண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து உரம் மாற்றினேன், விதை மாற்றினேன். வெப்பமானியை வைத்தபோது வரப்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைவிட 2 டிகிரி குறைவாக இருந்தது. வழிந்து வந்த குளிர்காற்றை வரப்பு அணை மாதிரி தடுத்து நிறுத்தியிருக்கிறது. வரப்பில் இரண்டு இடத்தில் அகலமாக வெட்டிவிட்டேன். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பாத்தி கருகவில்லை.

இன்னொன்று. வெப்பமானி 3 டிகிரி காட்டினாலும் புல்லின் மேல் உறைபனி படியலாம். நாம் அளப்பது இடுப்பு உயரத்துக்கும் மேல் உள்ள காற்றை. புல்லின் நுனி அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே உறைபனி நாட்களை வெப்பமானியை மட்டும் நம்பி எழுதாமல் புல்லைத் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். வருடத்தின் முதல் உறைபனி, கடைசி உறைபனி என்ற இரண்டு தேதிகளும் நடவு செய்பவருக்கு ஆண்டுச் சராசரியைவிட மதிப்பானவை.

காற்று, மேகம், அழுத்தம்

காற்றுக்குக் கருவி தேவையில்லை. திசைக்குக் கம்பின் நுனியில் ஒரு ரிப்பன். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரால்தான் உலகம் முழுக்கக் குறிக்கிறார்கள். தமிழும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான் நோட்டில் இந்த நான்கு சொற்களையே பயன்படுத்துகிறேன். எழுதவும் குறைவு, பின்னால் படிக்கும்போதும் அந்த நாள் கண்முன் வந்து நிற்கும்.

வேகத்துக்கு பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவை இன்றும் கைகொடுக்கும். அவர் கப்பல் பாய்களை வைத்து எழுதினார், நிலத்துக்கான அடையாளங்கள் பின்னால் சேர்ந்தன. புகை நேராக மேலே போனால் 0. இலைகள் சலசலத்தால் 2. சிறு கிளைகள் விடாமல் ஆடினால் 3. புழுதியும் தாளும் பறந்தால் 4. சிறிய மரங்கள் முழுதாக ஆடினால் 5. குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் 6. இதுவரை தெரிந்தாலே பெரும்பாலான நாட்களை எழுதிவிடலாம்.

மேகத்தை எட்டுப் பங்காகப் பார்க்க வேண்டும். வானம் முழுக்க மூடியிருந்தால் 8, பாதி என்றால் 4. வகைகளுக்கு லூக் ஹோவர்ட் 1802-இல் சொன்ன பிரிவுகளே அடிப்படை: உயரத்தில் இழையிழையாகக் கீற்று மேகம், பஞ்சுப்பொதி போலத் திரள் மேகம், விரித்த போர்வை போலப் படை மேகம். திரள் மேகம் காலையிலேயே அகலத்தைவிட உயரமாக வளர ஆரம்பித்தால் பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். அப்படி வளர்ந்த மேகம் நெருங்கும்போது திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும், மண்வாசனை வரும். எங்கோ பெய்துகொண்டிருக்கும் மழையோடு கீழே இறங்கிய காற்று தரையில் பரவி நம்மிடம் வந்திருக்கிறது. அதற்குள் நீங்கள் உள்ளே போயிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். 30 நொடிக்குள் இடி கேட்டால் வயலில் நிற்காதீர்கள், மழைமானியைப் பார்க்கவும் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துப் போனால் போதும். மழை அளவு எங்கேயும் ஓடிப்போகாது.

காற்றழுத்தம் பல கைபேசிகளிலேயே தெரிகிறது. ஒரு எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வெப்பமண்டலத்தில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே அழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு, அதிகாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. மதியம் இறங்குவதைப் பார்த்துப் புயல் என்று பயப்பட வேண்டாம். நேற்று இதே நேரத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

பருவம் மாறுவதை எழுதுவது

நாட்காட்டியில் பருவம் ஒரு தேதியில் தொடங்கும். நிலத்தில் அப்படி இல்லை. முதல் தவளைச் சத்தம், ஒரு குறிப்பிட்ட மரத்தின் முதல் தளிர், முதல் பூ, வலசைப் பறவை வந்த நாள், சிற்றோடையில் நீர் ஓட ஆரம்பித்த நாள், நின்ற நாள் என்று ஐந்தாறு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் எழுதுங்கள். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படித் தன் நிலத்தில் எழுதத் தொடங்கினார். அவருடைய குடும்பம் இருநூறு வருடம் போல அதைத் தொடர்ந்தது. வசந்தம் எவ்வளவு முன்னால் வருகிறது என்று இன்றைக்கு ஆராய்பவர்களுக்கு அந்தக் குறிப்புகள் பொக்கிஷம். ஒரே மரத்தைப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு மரம் என்று மாற்ற வேண்டாம்.

எண்களை எப்படிக் கூட்டுவது

மாதக் கடைசியில் ஐந்து எண்கள் எடுக்கிறேன்: மொத்த மழை, மழை நாட்கள், ஒரே நாளில் பெய்த அதிக அளவு, தொடர்ந்து மழையில்லாத நாட்களில் நீளமானது, வெப்பநிலையின் சராசரி. மழை நாள் என்பதற்குப் பல நாடுகளில் 1 மில்லிமீட்டரை எல்லையாக வைக்கிறார்கள், இந்தியாவில் 2.5. எதை எடுக்கிறீர்களோ அதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சில வருடம் சேர்ந்ததும் சராசரி போட ஆசை வரும். மழைக்குச் சராசரி ஏமாற்றும். ஒரு கணக்கு சொல்கிறேன். பத்து வருடத்தில் ஒரு மாதத்தின் மழை 12, 31, 18, 140, 22, 27, 9, 35, 16, 25 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 33.5. ஆனால் பத்தில் எட்டு வருடம் அதைவிடக் குறைவாகத்தான் பெய்திருக்கிறது. 140 வந்த ஒரே ஒரு வருடம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் 22, 25 என்ற இரண்டு நிற்கும்; அவற்றின் மையத்தை எடுத்தால் 23.5. விதைப்பதற்கு நான் நம்புவது இந்த நடு எண்ணை. கரையையும் வடிகாலையும் திட்டமிடும்போது 140-ஐப் பார்க்கிறேன்.

ஓர் இடத்தின் 'இயல்பு' என்று சொல்ல 30 வருட அளவுகள் வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது. நம்மிடம் ஐந்து வருடம்தான் இருக்கிறது என்றால்? அருகில் உள்ள அரசு வானிலை நிலையத்தின் அளவுகளைத் துணைக்கு எடுக்கலாம். அந்த ஐந்து வருடத்தில் உங்கள் மொத்தம் 4,600, அவர்களுடையது 4,000 என்றால், உங்கள் இடம் 1.15 மடங்கு. அவர்களுடைய 30 வருட ஆண்டு இயல்பு 820 மில்லிமீட்டர் என்றால், உங்களுடையது 943 வாக்கில் இருக்கும். இதை ஆண்டு மொத்தத்துக்கோ ஒரு முழுப் பருவத்துக்கோ செய்யுங்கள். மழை குறைந்த மாதங்களுக்குத் தனியாகச் செய்தால் ஒரே ஒரு இடிமழை கணக்கைக் கெடுத்துவிடும். நடுவில் பெரிய மலை இருந்தால், மலைக்கு இந்தப் பக்கம் உள்ள நிலையத்தையே எடுங்கள். அது இன்னும் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

வயதானவர்களிடம் கேளுங்கள். "முன்னெல்லாம் எப்படி மழை பெய்யும்" என்று கேட்டால் "நிறைய" என்பதோடு முடிந்துவிடும். "வெள்ளம் எந்தக் கல் வரைக்கும் வந்தது", "கிணறு எந்த வருடம் வற்றியது, அப்போது உங்களுக்கு எந்தக் குழந்தை பிறந்திருந்தது" என்று கேட்டால் வருடமும் உயரமும் கிடைக்கும். அதை அளவுகளோடு கலக்காமல் நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதுங்கள், யார் சொன்னது என்றும் சேர்த்து.

வெளியூர் போக நேர்ந்தால் வீட்டில் ஒருவருக்குக் குழாயைப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். என் மகள் ஒன்பது வயதில் கற்றுக்கொண்டாள். அவள் எழுதிய நாட்களில் பூஜ்யங்கள் பெரிது பெரிதாக இருக்கும். யாரும் இல்லாமல் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து குழாயில் 26 மில்லிமீட்டர் இருந்தால் அதை நான்காகப் பிரித்து எழுத வேண்டாம். நான்கு நாட்களையும் ஒரு கோட்டால் இணைத்து, கடைசி நாளில் '26, நான்கு நாள் சேர்த்து' என்று எழுதி, மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து வழக்கம்போலத் தொடருங்கள்.